இரண்டு தலைநகரங்கள், ஒரே குரல்

வரலாற்றுத் தொடர்: சொற்களால் நடந்த போர் – 9

1943 ஜூலை 25, ஞாயிற்றுக்கிழமை. இரவு பதினொரு மணி நெருங்கும்போது ரோம் வானொலி ஓர் அறிவிப்பை வாசித்தது. முசோலினியின் ராஜிநாமாவை மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் ஏற்றுக்கொண்டார். இனி ஆட்சிப் பொறுப்பு மார்ஷல் பதோலியோவிடம். இருபது ஆண்டுகளுக்கு மேல் இத்தாலியை ஆட்டிப்படைத்தவர் ஒரே மாலையில் வீழ்ந்துவிட்டார். சிசிலியில் நேச நாட்டுப் படைகள் இறங்கிப் பதினைந்து நாட்கள்தான் ஆகியிருந்தன.

செய்தி நியூயார்க்கை எட்டியது. அமெரிக்கப் போர்ச் செய்தி அலுவலகத்தின் வெளிநாட்டு ஒலிபரப்புப் பிரிவு அங்கே இருந்தது. இத்தாலிய மன்னரை என்ன சொல்லி அழைப்பது, பதோலியோவை வரவேற்பதா ஒதுக்குவதா என்று மேலிடத்திலிருந்து ஒரு வரிகூட வந்திருக்கவில்லை. ஆனால், ஒலிபரப்பை நிறுத்திவைக்க முடியாது. அன்றிரவு சென்ற விமர்சன உரையில் ஒரு பத்திரிகையாளரின் கட்டுரையிலிருந்து சில வரிகள் எடுத்தாளப்பட்டன. இத்தாலிய மன்னர் ‘புத்தி மட்டான குட்டி ராஜா’ என்று அதில் வர்ணிக்கப்பட்டிருந்தார். ஆள்தான் மாறியிருக்கிறார், பாசிசம் மாறவில்லை என்பது அந்த உரையின் சாரம்.

அதே நேரத்தில் அல்ஜியர்ஸில் இருந்த நேச நாட்டுப் படைத் தளபதி ஜெனரல் ஐசனோவர், அந்த மன்னரோடும் பதோலியோவோடும் போர்நிறுத்தம் பேச வழி தேடிக்கொண்டிருந்தார். இத்தாலி போரிலிருந்து விலகினால் ஆயிரக்கணக்கான உயிர்கள் மிஞ்சும் என்பது அவர் கணக்கு. சர்ச்சிலும் அதே கருத்தில் இருந்தார். இரண்டே நாளில் விவகாரம் அமெரிக்கப் பத்திரிகைகளில் வெடித்தது. அந்த ஒலிபரப்புக்கு யாரும் அனுமதி தரவில்லை, அது நடந்திருக்கவே கூடாது என்று அதிபர் ரூஸ்வெல்ட் பகிரங்கமாகச் சொன்னார். ஜூலை 29 அன்று, லண்டன், வாஷிங்டன் இரண்டின் ஒப்புதலோடு, ஐசனோவர் இத்தாலியர்களுக்கு ஒரு செய்தி விடுத்தார். முசோலினியை வெளியேற்றியதற்காக இத்தாலிய மக்களையும் அரச குடும்பத்தையும் அது பாராட்டியது.

ஓர் இத்தாலியக் குடும்பம் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து, தடை செய்யப்பட்ட அந்நிய வானொலியைக் கேட்டிருந்தால் அதற்கு என்ன விளங்கியிருக்கும்? நான்கு நாட்களுக்கு முன் அவமதிக்கப்பட்ட மன்னர் இன்று பாராட்டப்படுகிறார். இரண்டுமே நேச நாடுகளின் குரல்கள். இதில் எதை நம்புவது?

சென்ற வாரம் ஒரே நாட்டுக்குள் பிரசாரத் துறைகள் மோதிக்கொண்ட கதையைப் பார்த்தோம். இரண்டு அரசுகள் சேர்ந்து ஒரு பகைவனோடு பேச வேண்டியிருந்தபோது அந்தச் சிக்கல் எப்படிப் பெருகியது, அதை எப்படிச் சமாளித்தார்கள், எங்கே கைவிட்டார்கள் என்பது இந்த வாரம்.

லண்டனும் வாஷிங்டனும்

பிரிட்டன் இதற்கென்று ‘அரசியல் போர் நிர்வாகம்’ என்ற அமைப்பை 1941-இல் ஏற்படுத்தியது. அதற்கு முன்பு வெளியுறவுத் துறை, தகவல் துறை, பொருளாதாரப் போர்த் துறை மூன்றும் இந்த வேலைக்கு உரிமை கொண்டாடின. அமைப்பு பிறந்த பிறகும் அதன் தலைமேல் மூன்று அமைச்சர்கள் உட்கார்ந்திருந்தார்கள். 1942-இல்தான் ஓரளவு தெளிவு வந்தது: கொள்கைக்கு வெளியுறவு அமைச்சர் ஈடன், நிர்வாகத்துக்குத் தகவல் அமைச்சர் பிரெண்டன் பிராக்கன். தலைமை இயக்குநராக ராபர்ட் புரூஸ் லாக்கார்ட் வந்தார். ரஷ்யப் புரட்சிக் காலத்தில் மாஸ்கோவில் பிரிட்டனின் பிரதிநிதியாக இருந்தவர் அவர். பி.பி.சி.யின் ஐரோப்பிய ஒலிபரப்புகள் லண்டன் புஷ் ஹவுஸிலிருந்து சென்றன. ரகசிய வேலைகள் லண்டனுக்கு வெளியே வோபர்ன் மாளிகையையும் அதன் சுற்றுப்புறத்தையும் மையமாகக் கொண்டு நடந்தன.

அமெரிக்காவில் 1942 ஜூனில் ரூஸ்வெல்ட் இந்த வேலையை இரண்டாகப் பிரித்தார். வெளிப்படையான பிரசாரம் போர்ச் செய்தி அலுவலகத்துக்கு. வானொலிச் செய்தியாளராகப் புகழ்பெற்றிருந்த எல்மர் டேவிஸ் அதன் தலைவர். நாடக ஆசிரியரும் ரூஸ்வெல்ட்டின் உரைகளை எழுத உதவியவருமான ராபர்ட் ஷெர்வுட் அதன் வெளிநாட்டுப் பிரிவுக்குப் பொறுப்பாளர். ஒற்றும் நாசவேலையும் ரகசியப் பிரசாரமும் டோனவனின் ஓ.எஸ்.எஸ். அமைப்புக்கு. இரண்டுக்கும் நடுவே எல்லைத் தகராறு ஓயவில்லை. வெளியுறவுத் துறைக்கும் ராணுவத் தலைமைக்கும் இந்த இரண்டு அமைப்புகள் மீதும் நம்பிக்கை குறைவு.

இப்படி உள்ளுக்குள்ளேயே உடன்பாடு இல்லாத இரண்டு வீடுகள்தான் கடல் கடந்து கை கோக்க வேண்டியிருந்தது. பிரிட்டன் அமெரிக்காவில் ஒரு தூதுக்குழுவை நிறுவி, அரசியின் சகோதரர் டேவிட் போஸ்-லயனை அதற்குத் தலைவராக்கியது. அமெரிக்கர்களின் லண்டன் அலுவலகத்தைச் செய்தியாளர் வாலஸ் கரோல் நடத்தினார். வாராவாரம் லண்டன் ஒரு மைய வழிகாட்டுதலைத் தயாரிக்கும். இந்த வாரம் எதை அழுத்திச் சொல்ல வேண்டும், எதைத் தொடக் கூடாது, ஒரு தோல்வியை எப்படி ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அமெரிக்கர்களும் தங்களுக்கென ஒன்றைத் தயாரித்தார்கள். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்க வகை செய்யப்பட்டது.

அமைதியான வாரங்களில் இந்த ஏற்பாடு நன்றாகவே நடந்தது. திடீரென்று ஒன்று நடந்தால்தான் அதன் பலவீனம் தெரிந்தது. ஜூலை 25 அப்படி ஒரு நாள்.

தார்லான் விட்டுச் சென்ற காயம்

அந்த நியூயார்க் ஒலிபரப்பாளர்களை வெறும் பொறுப்பற்றவர்கள் என்று தள்ளிவிட முடியாது. அவர்கள் மனத்தில் எட்டு மாதங்களுக்கு முந்தைய காயம் ஒன்று ஆறாமல் இருந்தது.

1942 நவம்பர் 8 அன்று நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின. நாஜிகளோடு ஒத்துழைத்த விஷி அரசின் முக்கியப் புள்ளி அட்மிரல் தார்லான், நோயுற்ற மகனைப் பார்க்க அப்போது அல்ஜியர்ஸ் வந்திருந்தார். அவர் ஆணையிட்டால் பிரெஞ்சுப் படைகள் சுடுவதை நிறுத்தும். ஐசனோவர் அவரோடு ஒப்பந்தம் செய்தார். சண்டை நின்றது. அதற்கு விலையாக வட ஆப்பிரிக்காவின் ஆட்சி தார்லான் கைக்குப் போனது.

போர்க்கள நோக்கில் இது ஆதாயம். ஆனால், விஷிக்காரர்கள் துரோகிகள் என்று இரண்டு ஆண்டுகளாக லண்டனிலிருந்து பிரெஞ்சு மக்களுக்குச் சொல்லிவந்தவர்கள் இனி என்ன பேசுவார்கள்? லண்டனிலிருந்து சுதந்திர பிரான்ஸ் இயக்கத்தை நடத்திவந்த டி கோலின் ஆதரவாளர்கள் கொதித்தார்கள். இது தற்காலிக ஏற்பாடுதான் என்று ரூஸ்வெல்ட் விளக்கம் தர வேண்டியிருந்தது. டிசம்பர் 24 அன்று தார்லான் சுட்டுக் கொல்லப்பட்டதோடு அந்த ஏற்பாடு முடிந்தது. இத்தாலியில் மன்னரையும் பதோலியோவையும் கண்டபோது, இன்னொரு தார்லானைத் தங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று நியூயார்க் அஞ்சியது. அந்த அச்சத்துக்கு நியாயம் உண்டு. ஆனால், அரசு முடிவெடுக்க வேண்டிய விஷயத்தில் ஒலிபரப்பாளர்களே முந்திக்கொண்டு முடிவெடுத்துவிட்டார்கள். இந்தக் கருத்து வேறுபாடுகளின் தொடர்ச்சியாக 1944 தொடக்கத்தில் போர்ச் செய்தி அலுவலகத்தின் ஜேம்ஸ் வார்பர்க் உள்ளிட்ட மூத்த அதிகாரிகள் சிலர் பதவி விலக நேர்ந்தது.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றும் அதே இத்தாலியில் அரங்கேறியது. செப்டம்பர் 3 அன்று ரகசியமாகப் போர்நிறுத்தம் கையெழுத்தானது. 8-ஆம் தேதி மாலை ஐசனோவரும் பதோலியோவும் தத்தம் வானொலியில் அதை அறிவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கடைசி நேரத்தில் பதோலியோ தயங்கினார், தள்ளிப்போடச் சொன்னார். ஐசனோவர் மறுத்துவிட்டு, குறித்தபடி மாலை 6.30-க்கு அல்ஜியர்ஸ் வானொலியில் அறிவித்தார். ஒரு மணி நேரம் கழித்து, வேறு வழியின்றி, பதோலியோவும் ரோமிலிருந்து அறிவித்தார். ஜூலையில் பிளவுபட்டுப் பேசிய நேச நாடுகள் செப்டம்பரில் ஒரே குரலில் பேசின. இடையில் மாறியது ஒன்றுதான்: இத்தாலி விஷயத்தில் இரண்டு அரசுகளும் முடிவுக்கு வந்திருந்தன.

ஒரே கூரையின் கீழ்

அல்ஜியர்ஸில் இன்னொரு பாடமும் கிடைத்தது. தலைநகரத்திலிருந்து தலைநகரத்துக்குத் தந்தி அனுப்பி ஒத்திசைவதைவிட, இரு நாட்டவரையும் ஒரே அலுவலகத்தில் உட்காரவைப்பது மேல். அங்கே அமைந்த உளவியல் போர்ப் பிரிவில் பிரிட்டிஷாரும் அமெரிக்கரும், சீருடையினரும் பத்திரிகையாளர்களும் கலந்து வேலை செய்தார்கள். பிரான்ஸ் படையெடுப்புக்கு ஆயத்தம் தொடங்கியதும் 1944 பிப்ரவரியில் ஐசனோவரின் தலைமையகத்தில் அதே பாணியில் ஓர் உளவியல் போர்ப் பிரிவு உருவானது. தலைமை, அல்ஜியர்ஸில் இந்தப் பொறுப்பைக் கவனித்த அமெரிக்க பிரிகேடியர் ஜெனரல் ராபர்ட் மெக்ளூர். அவருக்குக் கீழே பிரிட்டனின் அரசியல் போர் நிர்வாகம், தகவல் துறை ஆகியவையும் அமெரிக்காவின் போர்ச் செய்தி அலுவலகம், ஓ.எஸ்.எஸ். ஆகியவையும் ஆள் கொடுத்தன. ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவம் கற்பித்த ரிச்சர்ட் கிராஸ்மன், ‘டைம்’ நிறுவனத்திலிருந்து வந்த சி.டி. ஜாக்சன், சி.பி.எஸ். வானொலியின் தலைவர் வில்லியம் பேலி எல்லாரும் ஒரே வரிசையில் அமர்ந்தார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்த எழுத்தாளர்கள் ஸ்டெஃபான் ஹைம், ஹான்ஸ் ஹாபே போன்றோர் களத்தில் எழுதினார்கள். ஜெர்மன் சிப்பாய்க்கு எந்தச் சொல் உறைக்கும், எது சிரிப்பு மூட்டும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

தொழில்நுட்பத்தில் ஒத்துழைப்பு அற்புதமாக நடந்தது. பிரிட்டிஷ் அச்சகங்களில் அடித்த தாள்களை அமெரிக்க விமானங்கள் சுமந்தன. ஜேம்ஸ் மன்றோ என்ற அமெரிக்க அதிகாரி வடிவமைத்த ‘குண்டு’ மெழுகு பூசிய அட்டையாலான உருளை. ஒன்றுக்குள் 80,000 துண்டறிக்கைகள் அடங்கும். தரைக்கு ஓராயிரம், ஈராயிரம் அடி மேலே அது வெடித்துத் திறந்துகொள்ளும். அதற்கு முன்பு மிக உயரத்திலிருந்து கொட்டிய தாள்கள் காற்றில் எங்கெங்கோ போய் விழுந்தன. இப்போது குறித்த ஊரில் விழுந்தன. ஜெர்மன் ராணுவ வானொலி போல வேடமிட்ட ‘ஸோல்டாட்டன்ஸெண்டர் காலே’ நிலையத்தை நடத்தியவர் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் செஃப்டன் டெல்மர். ஒலிபரப்பிய ராட்சதக் கருவி அமெரிக்காவில் வாங்கி சஸ்ஸெக்ஸில் நிறுவியது. அதில் ஒலித்த பாடல்களில் பல, ஓ.எஸ்.எஸ். ஏற்பாட்டில் மார்லீன் டீட்ரிச் முதலியோர் ஜெர்மன் மொழியில் பாடிப் பதிவுசெய்தவை.

ஒரு தாளின் கதை

இந்தக் கூட்டு முயற்சியில் பிறந்தவற்றுள் ஒன்றை அருகில் வைத்துப் பார்ப்போம். ‘பாஸியர்ஷைன்’ என்று ஜெர்மனில் தலைப்பிட்ட பத்திரமான வழி அனுமதிச் சீட்டு அது. சரணடைய விரும்பும் ஜெர்மன் சிப்பாய் இதை நீட்டலாம்.

சாதாரணத் துண்டறிக்கை போல அது இல்லை. பத்திரத் தாள் போன்ற அலங்கார வேலைப்பாடு. மேலே அமெரிக்காவின் முத்திரையும் பிரிட்டிஷ் அரச இலச்சினையும். வாசகம் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும். அதில் கெஞ்சலோ மிரட்டலோ கிடையாது. இதை ஏந்திவருபவன் உண்மையாகவே சரணடைய விரும்புகிறான். அவனுடைய ஆயுதத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். நன்றாகக் கவனித்துக்கொள்ள வேண்டும். உணவும் தேவையானால் மருத்துவமும் தர வேண்டும். ஆபத்தான இடத்திலிருந்து சீக்கிரம் அப்புறப்படுத்த வேண்டும். அவ்வளவுதான். நேச நாட்டுப் படைவீரனுக்கு அவன் தளபதி இட்ட ஆணையாக அது எழுதப்பட்டிருந்தது. கீழே ஐசனோவரின் கையெழுத்து. பின்பக்கத்தில் போர்க்கைதிகளுக்குச் சர்வதேசச் சட்டம் தரும் உரிமைகள்.

இந்த வடிவம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. பிடிபட்ட கைதிகளிடம் கேட்டுக் கேட்டுத் திருத்தினார்கள். எதிரிச் சிப்பாயைக் கவர்ந்தது அதன் அதிகாரபூர்வத் தோற்றம். ஒரு பெரிய தளபதி பெயர் போட்டுப் பொறுப்பேற்கிறார் என்பது. இந்தத் தாளில் லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே வேறுபாடு எழ இடமே இல்லை. கைதியை மனிதனாக நடத்துவது என்பதில் இருவருக்கும் ஒரே கொள்கை. வாக்குறுதியை நிறைவேற்றுவதும் அவர்கள் கையிலேயே இருந்தது. சரணடைந்தவனுக்குச் சோறு கிடைத்தவரை அந்தத் தாளின் மதிப்புக் குறையவில்லை. நேச நாடுகளின் உளவியல் போரில் மிகவும் மெச்சத்தக்க படைப்பு இதுதான் என்பேன். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு செயல் நின்றது.

ஜூன் 6: ஒரே நாளில் இரு குரல்கள்

மூன்றாவது அரசு ஒன்று நடுவில் வந்தபோது இந்த ஒற்றுமை தடுமாறியது. டி கோலின் அமைப்பை பிரான்ஸின் அரசாக ஏற்க ரூஸ்வெல்ட் மறுத்துவந்தார். படையெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 4 அன்று, டி கோலை லண்டனுக்கு வரவழைத்து, பிரெஞ்சு மக்களுக்கு ஐசனோவர் ஆற்றவிருந்த உரையைக் காட்டினார்கள். அதில் டி கோலின் பெயரும் இல்லை, அவரது அரசும் இல்லை. அவர் திருத்தங்கள் சொன்னார். உரை ஏற்கெனவே அச்சாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்ற பதில் வந்தது.

ஜூன் 6, நார்மண்டியில் படை இறங்கிய அன்று நார்வே மன்னரும் நெதர்லாந்து, பெல்ஜியப் பிரதமர்களும் வரிசையாகப் பேசினார்கள், ஐசனோவர் பேசினார். அவருக்குப் பின்னால் வரிசையில் நின்று பேச டி கோல் மறுத்துவிட்டு, மாலையில் தனியாகப் பேசினார். பிரெஞ்சு அரசும் அது நியமித்த தலைவர்களும் இடும் ஆணைகளையே பின்பற்ற வேண்டும் என்றார். இப்போதுள்ள அதிகாரிகள் மறு உத்தரவு வரும்வரை வேலையைத் தொடரட்டும் என்றது ஐசனோவரின் உரை. கேட்ட பிரெஞ்சுக்காரனுக்கு ஒரே நாளில் இரண்டு அதிகாரங்கள்.

கிளர்ச்சி விஷயத்தில் விலை இன்னும் கடுமையாக இருந்தது. படை இறங்குமிடத்தை மறைப்பதற்காக ஜூன் 5 இரவு பி.பி.சி. வழியாக பிரான்ஸ் முழுவதிலும் இருந்த எதிர்ப்புக் குழுக்களுக்குச் செயல்படும்படி சங்கேதச் செய்திகள் போயின. நார்மண்டிக்கு எங்கோ தொலைவில் இருந்தவர்களும் எழுந்தார்கள். ஐந்து நாள் கழித்து, கெரில்லா நடவடிக்கையை அடக்கி வாசிக்கும்படி பிரெஞ்சு எதிர்ப்புப் படைகளின் தளபதி ஜெனரல் கோனிக் லண்டனிலிருந்து உத்தரவிட்டார். ஆல்ப்ஸ் அடிவாரத்து வெர்கோர் பீடபூமியில் கூடிவிட்டவர்களோ திரும்பிப் போகவில்லை. ஜூலை தொடக்கத்தில் குடியரசையே அறிவித்தார்கள். ஜூலை 21 அன்று கிளைடர்களில் இறங்கிய ஜெர்மன் படை அவர்களைத் தாக்கியது. நூற்றுக்கணக்கான போராளிகளும் ஊர் மக்களும் மாண்டார்கள். எதிர்பார்த்த பெரிய உதவி வரவேயில்லை. அந்த மரணங்களை வெறும் தகவல் தொடர்புக் கோளாறு என்று எழுதிவிட்டுக் கடந்துபோக என்னால் முடியவில்லை. வானொலியில் சொல்லும் ஒரு சொல் எங்கோ ஒருவனைத் துப்பாக்கி எடுக்கவைக்கிறது. அந்தச் சொல்லை அனுப்புபவர்களுக்கு அவன் உயிரில் பொறுப்பு உண்டு.

கையில் இல்லாத வாக்குறுதி

ஜெர்மனி விஷயத்தில் இரு அரசுகளுக்கும் ஒரு பொதுக் கொள்கை இருக்கவே செய்தது. 1943 ஜனவரியில் காசாபிளாங்காவில் ரூஸ்வெல்ட் அறிவித்த நிபந்தனையற்ற சரணாகதிதான் அது. ரஷ்யாவை முதுகில் குத்தி யாரும் தனியாகச் சமரசம் பேசமாட்டோம் என்ற உறுதி அதில் இருந்தது. ஆனால், தோற்ற பிறகு ஜெர்மனிக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. பிரசாரகர்களும் விடை சொல்லக் கூடாது.

1944 செப்டம்பரில் கியூபெக்கில் ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் கூடியபோது, ஜெர்மனியின் தொழில்களை அழித்து அதை விவசாய நாடாக்கும், அமெரிக்க நிதியமைச்சர் மார்கெந்தாவின் திட்டம் பேசப்பட்டது. செய்தி பத்திரிகைகளில் கசிந்தது. ஜெர்மன் பிரசார அமைச்சர் கோயபல்ஸுக்கு வேறென்ன வேண்டும்? தோற்றால் நம் இனமே அழியும், பார்த்தீர்களா என்று ஊரெல்லாம் முழங்கினார். நவம்பரில், ஜெர்மானியரின் எதிர்ப்புணர்வைத் தளர்த்த ஏதாவது செய்யுங்கள் என்று ஐசனோவர் மேலிடத்துக்கு எழுதினார். ஜெர்மன் மக்களைப் பூண்டோடு அழிப்பது எங்கள் நோக்கமல்ல என்று கூட்டறிக்கை விடலாமா என ரூஸ்வெல்ட் கேட்டார். அது பலவீனமாகத் தெரியும் என்று சர்ச்சில் மறுத்தார். அறிக்கை வரவில்லை.

கிழக்கே சோவியத் யூனியன் தன் வழியில் போனது. ஹிட்லர் வேறு, ஜெர்மன் மக்கள் வேறு என்ற பேச்சை ஸ்டாலின் 1942-லேயே தொடங்கியிருந்தார். 1943 ஜூலையில் ஜெர்மன் கைதிகளையும் நாடு கடந்து வாழ்ந்த கம்யூனிஸ்டுகளையும் சேர்த்து ‘சுதந்திர ஜெர்மனி தேசியக் குழு’ மாஸ்கோ அருகே உருவானது. மேற்கத்தியக் கூட்டாளிகளைக் கலந்துகொண்டு செய்த காரியமல்ல அது. மேற்கிலிருந்து ஒரு குரல், கிழக்கிலிருந்து ஒரு குரல் என்று போர் முடியும்வரை அப்படியே போனது.

பலன் என்ன?

போருக்குப் பின் எட்வர்ட் ஷில்ஸ், மாரிஸ் ஜானோவிட்ஸ் என்ற இரு சமூகவியலாளர்கள், தாங்களும் இந்த வேலையில் இருந்தவர்கள், கைதிகளின் வாக்குமூலங்களை அலசி 1948-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஜெர்மன் சிப்பாய் கொள்கைக்காகக் கடைசிவரை சண்டையிட்டான் என்பதைவிட, பக்கத்தில் நின்ற தோழர்களுக்காகச் சண்டையிட்டான் என்பதே அவர்கள் கண்டது. அவனுடைய சிறு குழு சிதையாதவரை அரசியல் பேச்சு அவன் காதில் ஏறவில்லை. குழு சிதைந்து, சோறு அற்று, தனித்து நின்றபோது அவன் தேடியது உயிர் பிழைக்க ஒரு வழி. அந்த நேரத்தில் சட்டைப் பையிலிருந்த அனுமதிச் சீட்டுக்குப் பொருள் வந்தது.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு இது. இரண்டு அரசுகள் ஒரே அச்சகத்தையும் ஒரே விமானத்தையும் ஒரே அலைவரிசையையும் பகிர்ந்துகொள்ள முடியும். மெக்ளூரின் அலுவலகம் அதைச் சாதித்தது. அரசுகள் எடுக்காத முடிவை மட்டும் எந்தப் பிரசார அலுவலகத்தாலும் எடுத்துத் தர முடியாது. இத்தாலிய மன்னர், டி கோல், ஜெர்மனியின் எதிர்காலம் என எங்கெல்லாம் குரல் பிளந்ததோ, அங்கெல்லாம் முதலில் பிளந்திருந்தது கொள்கை. பழி மட்டும் பெரும்பாலும் ஒலிபரப்பாளர்கள் தலையில் விழுந்தது.

இந்தப் பிளவு மிக ஆழமாக ஓடியது ஐரோப்பாவில் அல்ல, நம் பக்கத்தில். எல்லா மக்களும் தங்கள் ஆட்சியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமையை அட்லாண்டிக் சாசனம் 1941 ஆகஸ்டில் பேசியது. அடுத்த மாதமே, அது நாஜி நுகத்தடியில் சிக்கிய ஐரோப்பிய நாடுகளை மனத்தில் வைத்துச் சொன்னது என்று சர்ச்சில் நாடாளுமன்றத்தில் விளக்கினார். அப்படியானால் இந்தியாவிலும் பர்மாவிலும் மலேயாவிலும் இருந்தவர்களிடம் நேச நாடுகள் என்ன வாக்குறுதியோடு பேசும்? 1944 ஏப்ரலில் கண்டிக்கு வந்து சேர்ந்த மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகத்தில் பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் இந்தக் கேள்வியோடு எப்படி மல்லுக்கட்டினார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)